வீட்டுக்காரர்

சென்னை,
14.4.2024

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி கிரண் எழுதுகிறேன். நானும் ஸ்வர்ணலதாவும் சௌக்கியம். உன் முழங்கால் வலி தேவலையா? மாமாவின் இருமல் விட்டதா? வருஷப் பிறப்புக்கு வர நினைத்தேன், வேலை விடவில்லை.

கடிதத்தைப் பார்த்துவிட்டு யாருக்கு என்ன ஆச்சோ என்று பதறாதே. போன் செய்தால் தறிச் சத்தத்தில் உனக்குக் காது கேட்பதில்லை. சத்தமாகச் சொன்னால் அக்காவையே அதட்டுகிறாயா என்று வைத்துவிடுகிறாய். பொங்கலுக்கு அப்படித்தான் ஆயிற்று. அதனால் எழுதிக்கொள்வோம்.

வேலூரில் சர்வீஸ் அபார்ட்மெண்ட் ஒன்று கட்டுகிறார்கள். லாட்ஜ் மாதிரி இல்லை. ஆஸ்பத்திரிக்கு வெளியூரிலிருந்து வருகிறவர்கள் மாதக்கணக்கில் தங்கிச் சமைத்துச் சாப்பிட அடுப்பு, பாத்திரம், வாஷிங் மெஷின் எல்லாம் வைத்த வீடுகள். உள் வேலை முழுக்க என் பொறுப்பு. என் பெயரில் வரும் முதல் பெரிய வேலை அக்கா. முதலாளி சந்திரமோகன் சாருக்கு ஒரு ஆசை. ஒவ்வொரு மாடியும் இந்தப் பக்கத்துப் பழைய கட்டடம் ஒன்றை நினைவுபடுத்த வேண்டுமாம். ஒரு மாடி கோட்டை மாதிரி, ஒரு மாடி நவாப் காலத்து வீடு மாதிரி. இன்னொரு மாடி ஆரணி நெசவாளர் வீடு.

ஆரணி மாடி என்றதும் நம் வீடுதான் கண்ணுக்குள் வந்தது. நான் ஹாஸ்டலுக்குப் போன வயதில் பார்த்தது பாதி மறந்துவிட்டது. எது எங்கே இருக்கிறது, எதற்காக அப்படி இருக்கிறது, எல்லாவற்றையும் எழுது. உன்னைவிட அந்த வீட்டை அறிந்தவர் யார்?

மாமாவுக்கு என் வணக்கம்.

பாசத்துடன்,
கிரண்

---

ஆரணி,
29.4.2024

அருமைத் தம்பி கிரணுக்கு,

அக்கா திலகவதி எழுதுவது. இங்கே எல்லோரும் அம்மன் புண்ணியத்தில் நன்றாக இருக்கிறோம். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, அதை விடு. நீயும் ஸ்வர்ணாவும் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா?

உன் கடிதத்தைப் படித்து என் வீட்டுக்காரர் சிரித்த சிரிப்பில் இழை அறுந்துவிட்டது. நாங்கள் எப்போதடா தரைக்கு டைல்ஸ் போடுவோம், சுவருக்குப் பட்டி பூசுவோம் என்று தவித்துக்கொண்டிருக்கிறோம். நீ என்னடா என்றால் புதுக் கட்டடத்தைப் பழசாக்கச் சம்பளம் வாங்குகிறாய். நல்ல பிழைப்பு.

சரி, எழுதிக்கொள். முதலில் வாசக்கதவு. இரண்டு பக்கக் கதவு, ஒவ்வொன்றும் குறுக்கே வெட்டி மேல் பாதி, கீழ்ப் பாதி என்று இருக்கும். மேல் பாதியைத் திறந்து கீழ்ப் பாதியைச் சாத்தினால் தறிக்கு வெளிச்சம் வரும், ஆடு வராது. நிலையில் இடது பக்கம் ஒரு இரும்பு வளையம். தறியில் ஏற்றும் பாவு நூலைத் தெருவில் நீட்டும்போது கயிறு கட்ட அப்பா அடித்தது. சுவருக்கு வெள்ளைதான் அடிப்போம், அப்போதுதான் பட்டின் நிறம் உள்ளபடி தெரியும். ரூமில் தறிக்குழியை மட்டும் வைத்துவிடாதே. வருகிறவர்கள் காலை ஒடித்துக்கொள்வார்கள். பக்கத்திலேயே ஆஸ்பத்திரி இருக்கிறது என்பதற்காக அப்படியா?

நிலையைக் கொஞ்சம் உயர்த்தி வை. நம் வீட்டு நிலை குள்ளம். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து உன் மாமா அதில் இடித்துக்கொள்ளாத வருஷம் இல்லை. போன வாரம் கூட இடித்துக்கொண்டு, நடுத்தெருவில் நின்று, "ஒரு நாளிக்கி பாரு, இந்தக் கதவ எவனுக்காவது தூக்கிக் குட்த்துட்டு இரும்புக் கதவு போட்டுடப் போறேன்" என்று கத்தினார். எதிர்வீட்டுப் பூங்காவனம் அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். மறுநாள் பார்த்தால் அந்தக் கதவுக்கே தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருக்கிறார்.

நீ பெரிய ஆளாவதில் எனக்குத்தான் பெருமை. கேட்டால் இன்னும் எழுதுகிறேன்.

உன் அக்கா,
திலகா

---

சென்னை,
16.6.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். உங்கள் சுகத்துக்கு எழுது. பதில் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. இங்கே எங்கள் வீட்டுக்காரர் தொல்லை வேறு. தண்ணீர்க் குழாய் பார்க்கிறேன் என்று சொல்லாமல் கொள்ளாமல் சாவி போட்டுத் திறந்துகொண்டு உள்ளே வந்துவிட்டார். ஸ்வர்ணா குளித்துவிட்டு வந்து அலறிவிட்டாள். கேட்டால் "என் வீடு சார்" என்கிறார். வீடு அவருடையதாக இருந்தால் என்ன, குடியிருப்பது நாங்கள் இல்லையா?

உன் கடிதத்தை அலுவலகத்தில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். ஆடு வராது என்ற வரியைச் சந்திரமோகன் சார் மிகவும் ரசித்தார். நீ எழுதியபடியே ஆசாரியை வைத்து ஒரு கதவு செய்தோம். பார்க்க அதே மாதிரிதான் இருந்தது. ஆனால் சார் தடவிப் பார்த்துவிட்டு, "கிரண், இது நாடக செட் மாதிரி இருக்கு. அந்த பீல் வரலை" என்று சொல்லிவிட்டார். எனக்கு மண்டை காய்கிறது. ஆரணி மாடிக்கு அந்த வாசல்தான் உயிர். அது சரியாக வராவிட்டால் மொத்த வேலையும் கைமாறிவிடும் போலிருக்கிறது.

நன்றாக அளவெடுக்க வேண்டும். தறி ஓடும்போது வந்தால் மாமா வேலை கெடும். தறி ஓடாத நாள் எது என்று எழுது. நீங்கள் வீட்டில் இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. உங்களுக்கு எதற்குத் தொந்தரவு?

மாமாவைக் கேட்டதாகச் சொல்.

கிரண்

---

ஆரணி,
2.7.2024

அருமைத் தம்பிக்கு,

நாங்கள் எல்லோரும் நலமே. நீ மண்டை காய்கிறது என்று எழுதியதிலிருந்து எனக்குத்தான் மனசு சரியில்லை. நல்லெண்ணெய் வைத்துத் தலை முழுகு.

தறி ஓடாத நாள் எது என்று ஆரணியில் பிறந்தவன் கேட்கிற கேள்வியாடா இது? அமாவாசையன்று தறி ஓடாது. சென்னைத் தண்ணீர் உன்னை இவ்வளவு மறக்க அடித்துவிட்டதா? சின்னப் பிள்ளையில் அமாவாசை எப்போது வரும் என்று நாள் பார்த்துக்கொண்டிருந்தவன் நீதானே, அப்பாவோடு ஆற்றுப் பக்கம் போக.

ஆனால் ஆடி அமாவாசைக்கு வராதே. நாங்கள் எப்போதும் போல மேல்மலையனூர் போகிறோம். விடிந்ததும் பஸ் ஏறினால் அம்மனைப் பார்த்து, ராத்திரி அம்மன் ஊஞ்சல் சேவித்து, மறுநாள்தான் திரும்புவோம். வீட்டில் ஒரு ஈ காக்கை இருக்காது. அதற்கு அடுத்த அமாவாசைக்கு வா. நான் இருக்கும்போது வா. கூழ் காய்ச்சி, கருவாட்டுக் குழம்பு வைக்கிறேன். நீ அளவெடுக்கும்போது உன் மாமா டேப்பைப் பிடித்துக்கொள்வார். இப்போதே அவர், "மச்சான் வந்தா அந்த வளையத்த நல்லா போட்டோ புடிக்கச் சொல்லணும்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஆடி பிறக்கப்போகிறது. சீர் கொண்டுவர மறக்காதே. பிறந்த வீட்டிலேயே குடியிருக்கிறாளே, இவளுக்கு எதற்குச் சீர் என்று தப்பித்துக்கொள்ளலாம் என்று பார்க்காதே.

அன்புடன் அக்கா,
திலகா

---

ஆரணி,
6.8.2024

தம்பி கிரணுக்கு,

நாங்கள் உயிரோடு இருக்கிறோம், உடம்புக்கு ஒன்றும் இல்லை. உனக்கு நேற்றிலிருந்து போன் போட்டுப் போட்டுக் கை வலிக்கிறது, நீ எடுக்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நம் வாசக்கதவைக் காணவில்லை. மேல்மலையனூரிலிருந்து வந்து இறங்கினால், கதவு இருந்த இடத்தில் சாம்பல் நிற இரும்புக் கதவு நிற்கிறது. நிலை, படி எதுவும் இல்லை. பூட்டைத் தொடாமல் நிலையோடு பெயர்த்து எடுத்திருக்கிறார்கள். சுற்றிச் சிமெண்ட் கூடக் காயவில்லை. வீடு மாறி வந்துவிட்டோமோ என்று நான் அடுத்த வீட்டு வாசலைப் பார்த்தேன்.

பூங்காவனம் அக்கா எதிர்வீட்டிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு வந்தாள். "வேன்ல நாலஞ்சி ஆளுங்க வந்தாங்கடி. இன்னாப்பா பண்றீங்கன்னு கேட்டேன். வீட்டுக்காரருதான் கழட்டிகினு வரச் சொன்னாருன்னாங்க. அவருதான் எப்பவும் சொல்லிகினு இருந்தாரே, நான் சரின்னு உட்டுட்டேன். ஜல்தியா வேலைய முடிச்சிட்டு சாவிய எங்கிட்ட குடுத்துட்டுப் போனாங்க" என்றாள். தெருவே கேட்டுக்கொண்டு நின்றது.

நான் உன் மாமாவைப் பார்த்தேன். "சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாது திலகா" என்றார். முகம் வெளுத்துப்போய்விட்டது. பிறகு உள்ளே போனார். புதுக் கதவு நல்ல உயரம். அப்படியும் பழக்கதோஷத்தில் தலையைக் குனிந்துகொண்டுதான் போனார்.

போலீசில் எழுதிக்கொடுக்கலாம் என்கிறார். நீ என்ன சொல்கிறாய்? அப்பா இல்லாத இடத்தில் நான் யாரைக் கேட்பேன்? உடனே பதில் போடு.

திலகா

---

சென்னை,
27.8.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். உன் உடம்பைப் பார்த்துக்கொள். வேலூரிலேயே கிடக்கிறேன், அதனால்தான் போன் எடுக்க முடியவில்லை.

விஷயம் படித்து மனசு கஷ்டமாக இருந்தது. ஆனால் போலீஸ் வேண்டாம் அக்கா. அவர்கள் வந்தால் முதலில் வீட்டில் இருப்பவர்களைத்தான் விசாரிப்பார்கள். தெருவில் நம் மானம் போகும். மாமா ஏற்கெனவே கூச்ச சுபாவம்.

ஏப்ரலில் நீ எழுதிய கடிதம் என்னிடம் இருக்கிறது. எவனுக்காவது கொடுத்துவிட்டு இரும்புக் கதவு போடப்போகிறேன் என்று மாமா நடுத்தெருவில் சொன்னதாக எழுதியிருந்தாயே. சொன்னார் என்பதற்காக நான் எதுவும் சொல்லவில்லை. மனிதர்கள் சில காரியங்களைச் செய்துவிட்டு வெளியே சொல்லக் கூச்சப்படுவார்கள். பெரிதாக்க வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். எப்படிப் பார்த்தாலும் இரும்புக் கதவு பாதுகாப்பு. போனது போகட்டும்.

இந்தத் தடவை சீர் கொண்டுவர முடியவில்லை. தீபாவளிக்குச் சேர்த்துச் செய்கிறேன்.

கிரண்

---

ஆரணி,
20.9.2024

அன்புத் தம்பிக்கு,

நலம் என்று எழுத வராதபோதும் எழுதித்தானே ஆக வேண்டும். நான் நலம். நீயும் ஸ்வர்ணாவும் நன்றாக இருக்க வேண்டும்.

உன் பேச்சைக் கேட்டு, போலீஸ் வேண்டாம் என்று உன் மாமாவிடம் சொன்னேன். "ஏன் வாணாம்?" என்று கேட்டார். தம்பி வேண்டாம் என்கிறான் என்றேன். அதோடு வாயை மூடியிருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா? "நெசத்தச் சொல்லிடுங்க. குடுத்திருந்தா குடுத்தேன்னு சொல்லுங்க, நான் ஒண்ணும் கேக்கமாட்டேன்" என்றேன். அவர் தறியில் உட்கார்ந்திருந்தார். ஓட்டிக்கொண்டிருந்த நாடாவைக் கீழே வைத்தார். "நீயுமா?" என்று கேட்டார். அவ்வளவுதான். சட்டையைப் போட்டுக்கொண்டு கண்ணமங்கலம் பஸ் ஏறிவிட்டார். அங்கே அவர் தம்பி வேலு கடையில் உட்கார்ந்திருக்கிறாராம். போன் போட்டால் வேலுதான் எடுக்கிறான்.

தெருவில் பேசுகிறார்கள். மாமனார் வீட்டில் ஒண்டிக்கொண்டு மாமனார் கதவையே வித்துத் தின்றவன் என்று என் காதுபடவே ஒருத்தி சொன்னாள். டீக்கடையில் மாணிக்கவேல் என்று இவர் பெயரைச் சொன்னாலே ஒரு சிரிப்பாம். அப்பாவின் கடைசிக் காலத்தில் அவரைத் தூக்கிக் குளிப்பாட்டியவர் அவர். நானும் அதை மறந்துவிட்டுத்தானே கேட்டேன். நிஜமாகவே செய்திருந்தால் ஏன் செய்தார் என்று கோபம் வருகிறது. செய்யாமல் இருந்தால் என்ன ஆவேன் என்று பயம் வருகிறது. இரண்டுக்கும் நடுவில் தூக்கம் இல்லை.

பாவு பாதியில் நிற்கிறது. இந்த நேரத்தில் எனக்கென்று இருப்பது நீ ஒருத்தன்தான். ஒரு வரி எழுது.

அக்கா,
திலகா

---

ஆரணி,
22.10.2024

தம்பிக்கு,

நான் சௌக்கியம். உன்னிடமிருந்து பதில் இல்லை, உடம்புக்கு ஏதாவதா என்று கவலையாக இருக்கிறது. அவரும் இன்னும் வரவில்லை. தீபாவளிக்குத் துணி எடுக்கவில்லை.

ஒரு உதவி கேட்டுத்தான் எழுதுகிறேன். பின்தெரு ஜாய்ஸ் டீச்சர் வீட்டுக்காரர் சத்தியராஜுக்கு வேலூரில் இருதய ஆபரேஷன். அடுத்த மாதம் முழுக்க அங்கே தங்க வேண்டுமாம். "உங்க தம்பி அங்க என்னமோ செஞ்சிகினு இருக்காருன்னீங்களே" என்று டீச்சர் கேட்டார். நான் மார்தட்டிக்கொண்டு அவன் செய்த இடத்திலேயே தங்குங்கள், ஆரணி மாடி என்றே கேளுங்கள் என்று சொல்லிவிட்டேன். எனக்கும் இப்போது பெருமைப்பட வேறு என்ன இருக்கிறது? நீ ஒரு வார்த்தை சொல்லி நல்ல ரூமாகப் பார்த்துக் கொடுக்கச் சொல்.

திலகா

---

சென்னை,
24.10.2024

அக்கா,

நலம். உன் கடிதம் இப்போதுதான் கிடைத்தது, உடனே கூரியரில் போடுகிறேன். ஜாய்ஸ் டீச்சரை அங்கே அனுப்பாதே. பெயின்ட் வாசனை இன்னும் போகவில்லை, இருதய நோயாளிக்கு ஆகாது. அதிலும் ஆரணி மாடி வேண்டவே வேண்டாம், அங்கே லிப்ட் சரியில்லை. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் வேறு நல்ல இடம் நானே பார்த்துத் தருகிறேன். டீச்சரை எனக்கு போன் செய்யச் சொல்.

தீபாவளிக்கு வர முடியாது போலிருக்கிறது.

கிரண்

---

ஆரணி,
24.11.2024

கிரண்,

ஒரு மாதமாகப் பதில் இல்லாதவன் கைக்கு வந்த அன்றே பதில் எழுதினாயே, அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். அக்கறை என்று நினைத்தேன். டீச்சரிடம் சொல்லவும் சொன்னேன். அவர்கள் அதற்குள் முன்பணம் கட்டிவிட்டார்கள்.

போன வாரம் ஜாய்ஸ் டீச்சர் போன் செய்தார். "திலகா, தப்பா எடுத்துக்காத. உங்க வீட்டு வாசக்கதவு எங்க கட்டிலுக்குப் பின்னாடி நின்னுகினு இருக்குது" என்றார். போட்டோவும் அனுப்பினார். அடுத்த பஸ்ஸில் நானே போனேன்.

லிப்ட் நன்றாகத்தான் ஓடுகிறது. பெயின்ட் வாசனையும் இல்லை. உன் வேலை அழகாகத்தான் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். வெள்ளைச் சுவர். தறிக்குழி வைக்கவில்லை. என் பேச்சைக் கேட்டிருக்கிறாய். கதவை நிலையோடு நிறுத்தி, அதன் முன்னால் கட்டிலைப் போட்டிருக்கிறாய். அந்த வாசலுக்குப் பின்னால் சுவர். நான் வெள்ளிக்கிழமை தோறும் மஞ்சள் பூசிய படிக்கு வார்னிஷ் அடித்திருக்கிறது, அதற்கு நேர் மேலே கட்டிலில் சத்தியராஜின் தலையணை. அப்பா அடித்த வளையத்தில் ஈரத் துண்டு தொங்கியது. பக்கத்தில் ஒரு பலகை. மேல் பாதியைத் திறந்து கீழ்ப் பாதியைச் சாத்தினால் தறிக்கு வெளிச்சம் வரும், ஆடு வராது என்று நான் எழுதிய வரி. கீழே ஆரணி நெசவாளர் சொல் என்று போட்டிருக்கிறது. ஜாய்ஸ் டீச்சர் பதறிப்போய் துண்டை எடுத்துவிட்டார். பாவம், அவர் என்ன செய்வார்?

கீழே மேஜையில் இருந்த பையனிடம், இந்தக் கதவு எங்கே கிடைத்தது என்று கேட்டேன். அவன் சந்தோஷமாகச் சொன்னான்: "எங்க டிசைனர் சாரோட சொந்த வீட்டுக் கதவுங்க மேடம். ஒரிஜினல். வீட்டுக்காரரே குடுத்தாரு."

வீட்டுக்காரர். தாலி கட்டினவரும் வீட்டுக்காரர், பட்டா வைத்திருக்கிறவரும் வீட்டுக்காரர். பட்டா உன் பெயரில் இருப்பது எனக்கு நினைவே இல்லை. அப்பா வீட்டை உனக்கு எழுதியபோது, நீ இருக்கிற வரைக்கும் உன் வீடுதான் அக்கா என்று சொன்னாயே, அதைத்தான் பத்திரமாக வைத்திருந்தேன். வேனில் வந்தவர்கள் பொய் சொல்லவில்லை. பூங்காவனம் அக்கா கேட்டதை அப்படியே சொன்னாள். உன் கடிதத்தையும் திரும்ப எடுத்துப் படித்தேன். நான் எடுக்கவில்லை என்று நீ எங்கேயும் எழுதவில்லை. மாமா எடுத்தார் என்றும் எழுதவில்லை. என் விளையாட்டுப் பேச்சை எனக்கே எடுத்துக் காட்டிவிட்டு நகர்ந்துகொண்டாய். மீதியை நான் செய்தேன்.

கதவு போனதைத் தாங்கிக்கொள்வேன். எனக்கும் டைல்ஸ் மேல்தான் ஆசை. ஆனால் வெளியூர்க்காரனுக்கு ஆடி அமாவாசை தெரியுமா, அன்றைக்குத் தறி ஓடாது என்று தெரியுமா, நாங்கள் ஊஞ்சல் பார்க்கப் போய்விடுவோம் என்று தெரியுமா? நான்தான் எழுதினேன். அம்மனைப் பார்க்கப் போகும் நாளைப் பார்த்து ஆள் அனுப்ப இந்த வீட்டுப் பிள்ளையால்தான் முடியும். மேல்மலையனூரில் உன் வேலை நல்லபடியாக முடிய வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டிருந்த நேரத்தில் உன் ஆட்கள் நிலையை இடித்துக்கொண்டிருந்தார்கள்.

என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஏன் கேட்கவில்லை என்று மட்டும் எழுது.

திலகவதி

---

சென்னை,
8.12.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் உடம்பு எப்படி இருக்கிறது? ரத்தக் கொதிப்பை ஏற்றிக்கொள்ளாதே.

நீ இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்வாய் என்று நினைக்கவில்லை. ஆசாரி செய்த கதவை சார் ஒப்புக்கொள்ளவில்லை. வேலை போயிருந்தால் என் பெயரே போயிருக்கும். உன்னைக் கேட்டால் நீ மாமாவைக் கேட்பாய். அவர், "அவன் வீடு, அவன் இஷ்டம்" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். எதற்கு என்றுதான் சொல்லவில்லை. நல்ல இரும்புக் கதவு போட்டுத்தான் எடுத்தேன். நீங்களே அதைத்தானே விரும்பினீர்கள்? பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். மாமா பெயர் அடிபட ஆரம்பித்ததும் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நாளாக ஆக இன்னும் தெரியவில்லை.

பூங்காவனம் அக்கா தப்பாகப் புரிந்துகொண்டதற்கு நான் என்ன செய்ய முடியும்? வீட்டுக்காரன் என்ற முறையில் என் கதவைத்தான் நான் எடுத்தேன். சட்டப்படி இதில் தப்பில்லை. உன் மனசு புண்பட்டிருந்தால் மன்னித்துவிடு. மாமாவிடம் நானே பேசுகிறேன்.

ஆரணி மாடியில் உனக்கும் மாமாவுக்கும் எப்போது வேண்டுமானாலும் ரூம் உண்டு, சாரிடம் சொல்லிவிட்டேன்.

கிரண்

---

கண்ணமங்கலம்,
20.1.2025

வீட்டுக்காரர் கிரண் அவர்களுக்கு,

உங்கள் ஆரணி வீட்டில் குடியிருந்த திலகவதி எழுதிக்கொள்வது. நாங்கள் இருவரும் நலம்.

உங்கள் கடிதம் கிடைத்த மறுநாளே கண்ணமங்கலம் வந்தேன். அவர் வேலு கடையில் அரிசி அளந்துகொண்டிருந்தார். இளைத்திருந்தார். கதவு கிடைத்துவிட்டது என்றேன், எங்கே என்று சொன்னேன். அவருக்குக் கோபம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. "இப்ப நீ எதத் தேடிகினு வந்த, கதவயா, என்னையா?" என்று கேட்டார். "என் வீட்டுக்காரரத் தேடிகினு வந்தேன்" என்றேன். கொஞ்ச நேரம் அளந்த அரிசியையே மறுபடி அளந்தார். பிறகு, "உள்ள வா. இங்க நிலை ஒசரம்தான்" என்றார். நான் கேட்ட கேள்வியை அவர் மறந்துவிடவில்லை. சில நேரம் பேசிக்கொண்டே இருப்பவர் சட்டென்று நிறுத்திவிடுகிறார். அது போகும்போது போகட்டும், நான் காத்திருப்பேன்.

நீங்கள் அவரோடு பேச வேண்டாம். ரூமும் வேண்டாம். கதவு அங்கேயே இருக்கட்டும், படுத்திருப்பவர்களுக்காவது உடம்பு தேறட்டும்.

பொங்கல் கழிந்து ஆரணி வீட்டைக் காலி செய்தோம். அமாவாசை பார்த்துப் போகவில்லை. பட்டப்பகலில், தெருவில் எல்லார் தறியும் ஓடுகிற நேரத்தில் போய் இறங்கினோம். அவர் தலை நிமிர்ந்து முன்னால் நடந்தார், நான் பின்னால். பாவைச் சுருட்டித் தறியைப் பிரித்து வண்டியில் ஏற்றும்போது ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். என்ன நடந்தது என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னேன். கேட்காதவர்களையும் கூப்பிட்டுச் சொன்னேன். என்னைப் பற்றியும் சொன்னேன். டீக்கடைக்காரர் அவருக்கு டீ கொண்டுவந்து கொடுத்தார். அவர் வாங்கிக் குடித்தார்.

இரும்புக் கதவைப் பூட்டிச் சாவியைப் பூங்காவனம் அக்காவிடம் நீட்டினேன். "வந்தா யார்கிட்டடி குடுக்கறது?" என்றாள்.

"வீட்டுக்காரருகிட்ட" என்றேன்.

அவள் சாவியை வாங்காமல் என் முகத்தையே பார்த்தாள். "எந்த வீட்டுக்காரரு?" என்று இந்தத் தடவை கேட்டாள்.

இப்படிக்கு,
மாணிக்கவேல் மனைவி திலகவதி